எந்தப் பதிப்பை வாங்குவது? பாக்கின் பி மைனர் மாஸுக்கு ஓர் ஆர்கெஸ்ட்ரா தயாராகும்போது

பாக்கின் பி மைனர் மாஸை, அதாவது திருப்பலிப் பாடல் தொகுதியை, அடுத்த பருவத்தில் வாசிப்பதென்று ஓர் ஆர்கெஸ்ட்ரா முடிவெடுத்துவிட்டால், முதல் வேலை நூலகருக்குத்தான். பெரிய ஆர்கெஸ்ட்ராக்களில் இசைத்தாள்களை வரவழைத்து, குறியிட்டு, ஒவ்வொரு வாத்தியக்காரரின் கைக்கும் சேர்ப்பதற்கென்றே ஓர் ஆள் உண்டு. அவர் குழுவை நடத்தும் கண்டக்டரிடம் கேட்பது ஒரே கேள்வி: எந்தப் பதிப்பு? பேத்தோவன் சிம்பொனி என்றாலும் இதே கேள்வி வரும். அங்கே பதிப்பு மாறினால் சில சுரங்கள் மாறும், சில குறிகள் இடம்பெயரும். இங்கே பதிப்பு மாறினால் ஒரு பாட்டுக்கு எந்த வாத்தியம் வாசிப்பது, ஒரு வரியை எந்த இடத்தில் பாடுவது என்பதே மாறிவிடும்.

காரணம், யோஹான் செபாஸ்டியன் பாக் இந்தப் படைப்பை முழுமையாக ஒருமுறைகூட மேடையேற்றியதாகச் சான்று இல்லை. அவர் காலத்து இசையமைப்பாளர் ஹேண்டல் தன் 'மெசையா'வை 1742-இல் டப்ளினில் அரங்கேற்றினார். அதன் பிறகும் கிடைத்த பாடகர்களுக்கு ஏற்ப மாற்றி மாற்றி நடத்தினார். அதனால் 'மெசையா'வுக்குப் பல வடிவங்கள் இருந்தாலும் அவை இசையமைத்தவரே காதால் கேட்டு ஒப்புக்கொண்டவை. பாக்கின் மாஸுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 1750 ஜூலை 28 அன்று அவர் இறந்தபோது மிஞ்சியது கையெழுத்துப் பிரதி ஒன்றுதான். ஒத்திகையில் 'இங்கே புல்லாங்குழல் போதும், வயலின் வேண்டாம்' என்று ஒருவர் சொல்லித் தீர்த்திருக்க வேண்டிய பல விஷயங்கள் அந்தத் தாள்களில் தீராமலே கிடக்கின்றன. இன்றைய ஆர்கெஸ்ட்ராவின் தயாரிப்பில் பாதி, பாக் எடுக்காமல் விட்டுப்போன முடிவுகளை எடுப்பதுதான்.

இப்படி ஆனதற்குப் படைப்பு வளர்ந்த விதமும் ஒரு காரணம். 1733 பிப்ரவரி 1 அன்று ஜெர்மனியின் சாக்ஸனியை ஆண்டவர் இறந்தார். பாக் வேலைபார்த்த லைப்ட்ஸிக் தேவாலயங்களில் துக்கம் அனுசரிக்கப்பட்டு இசை நிறுத்தப்பட்டது. வாராவாரம் புதிய இசை தயாரிக்கும் சுமையிலிருந்து பாக்குக்குச் சில மாதம் விடுப்பு. அந்த இடைவெளியில் 'கீரியே' ('ஆண்டவரே, இரக்கமாயிரும்'), 'குளோரியா' ('உன்னதங்களிலே மகிமை') என்ற முதல் இரண்டு பகுதிகளை எழுதி, ஜூலை 27 தேதியிட்ட கடிதத்துடன் தலைநகர் டிரெஸ்டனில் பட்டத்துக்கு வந்த புதிய ஆட்சியாளருக்கு அனுப்பினார். கடிதத்தில் பக்தியைவிட விண்ணப்பம்தான் அதிகம்: லைப்ட்ஸிக்கில் தனக்கு அநியாயம் நடக்கிறது, வருமானம் குறைகிறது, அரசவைப் பட்டம் ஒன்று தந்தால் நல்லது. பட்டம் வந்துசேர 1736 நவம்பர் ஆயிற்று.

பாக் லூத்தரன் (புராட்டஸ்டன்ட்), டிரெஸ்டன் அரசவையோ போலந்து மகுடத்துக்காகக் கத்தோலிக்கத்துக்கு மாறிய குடும்பம். ஆனால் லத்தீனில் கீரியேயும் குளோரியாவும் பாடுவது லூத்தரன் தேவாலயத்திலும் இருந்த வழக்கம்தான் என்பதால் யாருக்கும் உறுத்தல் இல்லை. வாழ்வின் கடைசி இரண்டு ஆண்டுகளில், 1748-49 வாக்கில், கண்பார்வை மங்கி, கையெழுத்து தடுமாறத் தொடங்கிய காலத்தில், பாக் அந்தப் பழைய தாள்களை எடுத்து முழுத் திருப்பலிப் பாடலாக வளர்த்தார். 'நம்பிக்கை அறிக்கை' சேர்ந்தது. 1724 கிறிஸ்துமஸுக்கு எழுதிய 'சாங்டுஸ்' (நம் ஊர் ஆலயங்களில் 'தூயவர், தூயவர், தூயவர்' என்று பாடுவது) சேர்ந்தது. 'ஆக்னுஸ் தேயி' ('இறைவனின் செம்மறியே') சேர்ந்தது. பெரும்பகுதி தன் பழைய பாடல்களிலிருந்து எடுத்துச் செதுக்கியது. 'குருசிஃபிக்ஸுஸ்' ('சிலுவையில் அறையப்பட்டார்') பகுதிக்கு மூலம் 1714-இல் வைமாரில் 29 வயதில் அவர் எழுதிய ஒரு காண்டாட்டா, அதாவது பல பகுதிகளுள்ள பாட்டுத் தொடர். ஆக, இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஓடும் இந்த மாஸுக்குள் முப்பத்தைந்து ஆண்டுக் கைவேலை இருக்கிறது. எந்தச் சபையின் ஆராதனைக்குள்ளும் அடங்காத நீளம் இது.

கையெழுத்துப் பிரதிக்கு மொத்தமாகத் தலைப்பே இல்லை. நான்கு கட்டுகள், நான்கு தலைப்புப் பக்கங்கள், அவ்வளவுதான். அவருடைய மகன் கார்ல் ஃபிலிப் எமானுவேலின் சொத்துப் பட்டியலில் இது 'பெரிய கத்தோலிக்க மாஸ்' என்று குறிக்கப்பட்டது. 'பி மைனர் மாஸ்' என்பது பின்னால் வந்த பெயர். அதுவும் பொருத்தமான பெயரல்ல: வழக்கமான எண்ணிக்கையில் 27 பகுதிகள், அவற்றில் 5 மட்டுமே பி மைனர் என்ற சுர அடுக்கில். ட்ரம்பெட் முழங்கும் இடமெல்லாம் டி மேஜர் என்ற வேறோர் அடுக்கு.

அந்த மகன்தான் முதல் சிக்கலையும் உண்டாக்கினார். 1786-இல் ஹாம்பர்கில் ஏழைகளுக்கான மருத்துவ நிதிக் கச்சேரி ஒன்றில் நம்பிக்கை அறிக்கைப் பகுதியை நடத்தினார். நல்ல காரியம்தான். ஆனால் அதற்காக அப்பாவின் கையெழுத்துப் பிரதியிலேயே திருத்தங்கள் எழுதினார். காலப்போக்கில் மை தாளை அரித்து, சில இடங்களில் எது தந்தையின் சுரம், எது மகனின் சுரம் என்று கண்ணால் பிரிக்க முடியாமல் போயிற்று. 1856-இல் பாக் சங்கப் பதிப்பு, 1954-இல் ஃபிரெட்ரிஷ் ஸ்மெண்ட் பதிப்பு, பிறகு கிறிஸ்டோஃப் வோல்ஃப் பதிப்பு, 2006-இல் ஜோஷுவா ரிஃப்கின் பதிப்பு, 2010-இல் ஊவே வோல்ஃப் பதிப்பு என்று வரிசையாக வந்ததற்கு இதுவும் முக்கியக் காரணம். கடைசியாகச் சொன்னவருக்குத் துணையாக பெர்லின் அரசு நூலகத்தில் எக்ஸ்-கதிர் ஆய்வு நடந்தது. மையிலுள்ள உலோகங்களின் விகிதத்தை அளந்து தந்தையின் மையையும் மகனின் மையையும் பிரித்தார்கள். அந்தக் கையெழுத்துப் பிரதி 2015-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது.

பதிப்பை வாங்கியாயிற்று. இனி வாத்தியக்காரர்களின் தாளில் என்ன வரும் என்று பார்ப்போம். 'பெனெடிக்டுஸ்' என்ற டெனர் (உச்ச ஆண்குரல்) பாட்டில் குரலோடு ஒரு தனி வாத்தியம் இழைகிறது. எந்த வாத்தியம் என்று பாக் எழுதவே இல்லை. 19-ஆம் நூற்றாண்டுப் பதிப்பு வயலின் என்றது. அதை நம்பித் தலைமுறை தலைமுறையாக ஆர்கெஸ்ட்ராத் தலைவர்களான முதல் வயலின்காரர்கள் எழுந்து நின்று வாசித்தார்கள். பிறகு வந்தவர்கள் சுர எல்லையைப் பார்த்தார்கள்: வயலினின் கீழ்த்தந்திக்கு அந்த இசை ஓரிடத்தில்கூட இறங்குவதில்லை. வயலினுக்கு எழுதும்போது நான்கு தந்திகளையும் வஞ்சனையில்லாமல் பயன்படுத்தும் பாக் ஏன் ஒன்றை விட்டுவிட வேண்டும்? இன்று பெரும்பாலோர் புல்லாங்குழலைத்தான் தேர்கிறார்கள். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது, ஆனாலும் பழைய பதிவுகளில் வயலினோடு கேட்டுப் பழகியவர்களுக்கு அந்த மனக்குறை போகாது.

'டொமினே தேயுஸ்' பகுதியில் சிக்கல் வேறு மாதிரி. கையெழுத்துப் பிரதியில் புல்லாங்குழலின் சுரங்கள் சம அளவில் ஓடுகின்றன. டிரெஸ்டனுக்கு அனுப்பிய தாளிலோ ஜோடிச் சுரங்களில் முதலாவது குறுகியும் அடுத்தது நீண்டும் துள்ளும்படி குறித்திருக்கிறது. அந்நகரில் அப்போது இது நாகரிகமாக இருந்த நடை. பாக் மனம் மாறிவிட்டார் என்று ஒரு கட்சி. வாசிப்பவருக்குத் தெரிந்த வழக்கம், முழுப் பிரதியில் எழுத வேண்டியதில்லை என்று மறு கட்சி. கண்டக்டர் ஒத்திகைக்கு முன்பே இதைத் தீர்த்துக்கொள்ளாவிட்டால் முதல் நாள் அரை மணி நேரம் வாதத்திலேயே போய்விடும்.

மூன்றாவது இன்னும் சுவாரசியம். 'எத் இன் ஊனும்' என்ற, இருவர் சேர்ந்து பாடும் இரட்டையர் பாட்டில், கிறிஸ்து மனிதரானார் என்ற வரியையும் சேர்த்தே பாக் முதலில் எழுதியிருந்தார். பிறகு அந்த வரிக்குத் தனியாக ஒரு கோரஸ் எழுதி இடையில் ஒரு தாளாகச் செருகினார். இரட்டையர் பாட்டிலிருந்து அந்த வார்த்தைகளை எடுத்துவிட்டு மீதியை நீட்டிப் பரப்பி, திருத்திய குரல் வரிகளைப் பின்னால் எழுதிவைத்தார். அந்தச் செருகலால் நம்பிக்கை அறிக்கையில் ஒன்பது பகுதிகளாகி, சிலுவைச் சாவு நட்டநடுவில் ஐந்தாவதாக வந்து நிற்கிறது. ஏறத்தாழ எல்லோரும் திருத்திய வடிவத்தையே பாடுகிறார்கள். ஆனால் முதல் வடிவத்தில் வார்த்தையும் இசையும் பொருந்தும் அழகு வேறு. 'விண்ணகமிருந்து இறங்கினார்' என்னும்போது வயலின் வரி மேலிருந்து படியிறங்கும். திருத்திய வடிவத்தில் அந்தச் சொல் நகர்ந்துவிட, படிக்கட்டு மட்டும் அங்கேயே இருக்கிறது.

இதையெல்லாம்விடப் பெரிய சண்டை, எத்தனை பேர் பாடுவது என்பதில். 1876 ஏப்ரல் 26 அன்று லண்டன் செயின்ட் ஜேம்ஸ் அரங்கில் ஓட்டோ கோல்ட்ஷ்மிட் இதை நடத்தியபோது, அதற்காகவே திரட்டப்பட்ட பெருங்குழு பாடியது. சொப்ரானோ (உச்சக் குரல்) வரிசைக்கு அவருடைய மனைவி, ஐரோப்பாவையே மயக்கிய ஜென்னி லிண்ட் தலைமை தாங்கினார். 1900 மார்ச் 27 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பெத்லகேம் என்ற, மொரேவியன் கிறிஸ்தவ சபையினரின் ஊரில் முதல் முழு அமெரிக்க நிகழ்ச்சி நடந்தபோது பாடியவர்கள் ஊர்க்காரர்கள். பாக் என்றால் கதீட்ரல் அளவு ஒலி, நூற்றுக்கணக்கில் குரல் என்ற எண்ணம் இப்படித்தான் நிலைபெற்றது.

1981-இல் பாஸ்டனில் நடந்த இசையியலாளர் கூட்டத்தில் ஜோஷுவா ரிஃப்கின் எழுந்து, பாக்கின் கோரஸ் என்பது பெரும்பாலும் ஒரு குரலுக்கு ஓர் ஆள் என்றார். அவருடைய ஆதாரம் மிக எளிய பொருள்: இசைத்தாள். டிரெஸ்டனுக்குப் போன கட்டில் முதல் சொப்ரானோவுக்கு ஒரு தாள், இரண்டாவது சொப்ரானோவுக்கு ஒன்று, ஆல்டோ, டெனர், பாஸ் என்று கீழிறங்கும் குரல்களுக்குத் தலா ஒன்று. அந்தத் தாளிலேயே தனிப்பாட்டும் இருக்கிறது, கோரஸும் இருக்கிறது. தனிப்பாடகர் வேறு, கோரஸ் வேறு என்ற பிரிவே தாளில் இல்லை. அடுத்த ஆண்டே ஒரு குரலுக்கு ஒருவர் என்று மாஸ் முழுவதையும் பதிவுசெய்து வெளியிட்டார். சிலருக்கு ஜன்னல் திறந்தது போலிருந்தது, சிலருக்குக் கோபம் வந்தது.

மறுப்பவர்கள் கையிலெடுத்தது பாக்கே எழுதிய ஒரு மனு. 1730 ஆகஸ்ட் 23 அன்று லைப்ட்ஸிக் நகர மன்றத்துக்கு அவர் எழுதியதில், ஒரு பாடகர் குழுவுக்குக் குறைந்தது 12 பேர் வேண்டும், 16 பேர் இருந்தால் இன்னும் நல்லது என்கிறார். தாமஸ் பள்ளி மாணவர்களைத் தரம் பிரித்து ஒரு கணக்கும் கொடுக்கிறார்: 17 பேர் பயன்படுவார்கள், 20 பேர் இன்னும் தேறவில்லை, 17 பேர் எதற்கும் ஆகமாட்டார்கள். பள்ளிக்கூட வாத்தியாரின் எரிச்சல் அப்படியே தெரிகிறது. டோன் கூப்மான் போன்ற கண்டக்டர்கள் இதை வைத்துக் குரலுக்கு மூன்று நான்கு பேர் என்கிறார்கள். ரிஃப்கின் கட்சியோ, 12 அல்லது 16 என்பது பட்டியலில் இருக்க வேண்டிய எண்ணிக்கை, பாதிப் பேர் வயலின் வாசிக்கப் போவார்கள், சிலருக்குத் தொண்டை கட்டும், ஒரு பாட்டில் பாடுவோர் தொகை அதுவல்ல என்கிறது. ஆண்ட்ரூ பேரட் இதை ஒரு புத்தகமாகவே எழுதி வாதாடினார்.

வரலாற்று வாதத்தில் எனக்கு ரிஃப்கின் பக்கம் பலமாகத் தெரிகிறது. ஆனால் 2,000 இருக்கை உள்ள நவீன அரங்கில் ஐந்து பேர் பாடினால் வரலாறு கடைசி வரிசையை எட்டாது. அதனால் இன்று பெரும்பாலான ஆர்கெஸ்ட்ராக்கள் இருபதிலிருந்து நாற்பது குரல் என்று நடுவில் நிற்கின்றன. சில கண்டக்டர்கள் ஒரு தந்திரம் செய்கிறார்கள்: ஃபியூக்குகளை (ஒரே மெட்டைக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரும் பகுதிகளை) குரலுக்கு ஒருவராகத் தொடங்கி, ட்ரம்பெட் சேரும் இடத்தில் எல்லோரையும் சேர்ப்பது. எண்ணிக்கை முடிவான பிறகுதான் வயலின்கள் எத்தனை என்பதும், வேகமும் முடிவாகும். நூறு பேர் பாடினால் 'கும் சாங்டோ ஸ்பிரிடு' என்ற துரிதமான கோரஸை அதற்குரிய வேகத்தில் ஓட்ட முடியாது. எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று விழும்.

அடுத்தது சுருதி. நம் கச்சேரியில் பாடகர் தன் குரலுக்கு ஏற்ற கட்டையை வைத்துக்கொள்ள, தம்புராவும் வயலினும் அவரோடு போகும். ஆர்கெஸ்ட்ராவில் எல்லா வாத்தியமும் முன்பே செய்துவைத்த ஒரே சுருதியில் நிற்க வேண்டும். இன்றைய பொது வழக்கம் நடு 'ஏ' சுரத்துக்கு வினாடிக்கு 440 அதிர்வு. பரோக் (பாக் காலத்து) வாத்தியக் குழுக்கள் 415 என்று அரைச் சுரம் கீழே வைத்துக்கொள்கின்றன. பாக் காலத்தில் ஊருக்கு ஒரு சுருதி, ஒரே ஊரில் ஆர்கனுக்கு ஒன்று, குழல்களுக்கு ஒன்று. 415 என்பது இன்றைக்குச் செய்துகொண்ட வசதியான ஒப்பந்தம். 415 என்றால் சொப்ரானோக்கள் மூச்சுவிடுவார்கள். ஆனால் அதற்கேற்ற ஓபோ, பசூன் குழல்கள், நரம்புத் தந்தி, வளைந்த வில் எல்லாம் வேண்டும். நவீன ஆர்கெஸ்ட்ரா 440-இலேயே நின்று, வில்லை மட்டும் பழைய மாதிரிக்கு மாற்றி, அதிர்வுக் கமகத்தைக் குறைத்து வாசிப்பது இப்போது சாதாரணம். பழங்கால வாத்தியங்களோடு முதல் பதிவு 1968-இல் நிக்கொலாஸ் ஹார்னன்கோர்ட் செய்தது. அன்று அது விநோதம்.

ட்ரம்பெட்காரர்களைப் பற்றித் தனியாகத்தான் பேச வேண்டும். பாக் எழுதியது பொத்தானே இல்லாத, ஏழடி நீளக் குழாய்க்கு. உதட்டின் இறுக்கத்தை மாற்றினால் குழாய் இயல்பாகத் தரும் சுரங்கள் மட்டும் கிடைக்கும். கீழே அவை தூரதூரமாக இருக்கும். மேலே போகப்போக நெருங்கும். அதனால்தான் பாக்கின் ட்ரம்பெட் எப்போதும் உச்சத்திலேயே உலவுகிறது: அங்கேதான் ராகமாக வாசிக்கச் சுரங்கள் கிடைக்கும். அங்கேயும் எல்லாம் ஒழுங்கில்லை. வரிசையில் பதினோராவது சுரம் சுத்த மத்யமத்துக்கும் பிரதி மத்யமத்துக்கும் நடுவில் விழும். பதின்மூன்றாவது, தைவதத்தில் சற்றுத் தாழ்ந்து நிற்கும். வாசிப்பவர் உதட்டால் இழுத்துச் சரிசெய்ய வேண்டும். பாக்கின் லைப்ட்ஸிக்கில் அந்தக் கலையின் தலைவர் கோட்ஃபிரீட் ரைஷ. 1734 அக்டோபர் 5 இரவு, சந்தைத் திடலில் அரசரின் முன் தீவட்டி வெளிச்சத்தில் பாக்கின் காண்டாட்டா ஒன்று நடந்தது. மறுநாள் ரைஷ தெருவில் விழுந்து இறந்தார். முந்தைய இரவின் உழைப்பும் தீவட்டிப் புகையும்தான் காரணம் என்று ஊர்க் குறிப்பு சொல்கிறது. அந்தக் காண்டாட்டாவின் தொடக்கக் கோரஸும் இந்த மாஸின் 'ஓசான்னா'வும் ஒரே இசை. ட்ரம்பெட்காரர்களுக்கு இந்தக் கதை தெரியும், ஒத்திகையில் யாராவது ஒருவர் சொல்லாமல் விடமாட்டார்.

பாக்குக்குப் பின் அந்த வித்தை ஏறக்குறைய அழிந்தது. 19-ஆம் நூற்றாண்டில் இந்த இசையை வாசிக்க ஆளில்லாமல் கிளாரினெட்டுக்கு மாற்றியெழுதிய காலம் உண்டு. 1884-இல் ஐசனாக்கில் பாக்கின் சிலைத் திறப்பு விழாவில் பி மைனர் மாஸ் நடந்தபோது, யூலியுஸ் கோஸ்லெக் நீண்ட நேர்க்குழாயில் இரண்டு வால்வு பொருத்தி அந்த உச்ச சுரங்களை வாசித்துக் காட்டினார். 'பாக் ட்ரம்பெட்' என்ற பெயர் அங்கிருந்து பரவியது. நவீன ஆர்கெஸ்ட்ராக்கள் கையடக்கப் பிக்கலோ ட்ரம்பெட்டைப் பயன்படுத்துகின்றன. பரோக் குழுக்கள் நீளக் குழாயையே எடுத்தாலும், பலரும் அதில் சுரத்தைச் சீராக்கச் சிறு துளைகள் வைத்துக்கொள்கிறார்கள். அந்தத் துளைகள் 20-ஆம் நூற்றாண்டுக் கண்டுபிடிப்பு.

எந்தக் குழாயானாலும் அவர்களுக்கு எதிரி ஓய்வுதான். 'எத் ரெசுரெக்ஸித்' ('உயிர்த்தெழுந்தார்') தொடங்கும் முன் ஏறக்குறைய பத்து நிமிடம் சும்மா இருக்க வேண்டும். குருசிஃபிக்ஸுஸில் ஒரே அடிநாதம் பதின்மூன்று முறை சுற்றிவந்து, வயலின்களும் குழல்களும் ஓய்ந்து, குரல்கள் தரைக்கு இறங்கும். அடுத்த நொடியே முன்னறிவிப்பில்லாமல் முழு வேகத்தில் ட்ரம்பெட். இதற்குள் பித்தளை ஆறிச் சுருதி இறங்கியிருக்கும், உதடும் ஆறியிருக்கும். ஊதாமல் குழாய்க்குள் சூடான மூச்சைவிட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்பார்கள்.

ஹார்ன் வாசிப்பவரின் நிலை இன்னும் பரிதாபம். இரண்டு மணி நேரப் படைப்பில் அவருக்கு ஒரே ஒரு பாட்டு: 'குவோனியாம்', பாஸ் குரலும் இரண்டு பசூனும் கூட. அதற்கு முன் முக்கால் மணி நேரம் ஒரு சுரம்கூட இல்லை. பிறகு எடுத்த எடுப்பிலேயே ஒரு ஸ்தாயி தாவல், மறைந்துகொள்ள வேறு வாத்தியம் இல்லாத இடத்தில். ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. டிரெஸ்டன் அரசவையின் ஹார்ன்காரர்களையும் பசூன்காரர்களையும் மனத்தில் வைத்து எழுதியது என்பது அறிஞர்களின் பொதுக் கருத்து. அங்கே அப்படிப்பட்ட கைகள் இருந்தன. இன்று சிலர் அந்தப் பாட்டுக்குச் சற்று முன்புதான் மேடைக்கே வருகிறார்கள். எனக்கு அது சரியான ஏற்பாடாகவே தெரிகிறது, மேடையில் ஒருவர் நடந்துவருவது பார்வையாளரின் கவனத்தைக் கலைக்கும் என்றாலும்.

பாடகர் குழுவின் ஒத்திகை ஆர்கெஸ்ட்ராவுக்குப் பல வாரம் முன்பே பியானோவோடு தொடங்கிவிடும். அங்கே முதல் குழப்பம் எங்கே நிற்பது என்பது. பெரும்பாலான கோரஸ்கள் ஐந்து குரல், சில நான்கு, சாங்டுஸ் ஆறு, ஓசான்னா எட்டுக் குரலில் இரட்டைக் கோரஸ். பாடகர் ஒவ்வொருவருக்கும் 'ஐந்தில் நீ இரண்டாவது சொப்ரானோ, எட்டில் முதல் குழு' என்று எண் கொடுத்து, நடுவில் இடம்மாறாதபடி வரிசை அமைப்பது ஒரு தனி வித்தை. அடுத்தது லத்தீன் உச்சரிப்பு. இத்தாலிய முறையில் 'ஆன்யுஸ்', 'பாச்செம்'; பாக் கேட்டிருக்கக்கூடிய ஜெர்மானிய முறையில் 'ஆக்னுஸ்', 'பாட்செம்'. ஜெர்மன் உச்சரிப்பின் கூர்மையான மெய்யெழுத்துகள் வேகமான ஃபியூக்கில் தாளத்தைப் பிடித்துக்கொடுக்கின்றன என்பதால் பல குழுக்கள் இப்போது அதற்கே மாறுகின்றன.

தனிப்பாடகர்களில் பாஸ் ஒரு தலைவலி. 'குவோனியாம்' ஆழத்தில் கிடக்கிறது. 'எத் இன் ஸ்பிரிடும் சாங்டும்' பாரிடோன் உயரத்தில் மிதக்கிறது. இரண்டையும் ஒருவரே நன்றாகப் பாடுவது அபூர்வம். காசிருந்தால் இரண்டு பேரை அமர்த்துகிறார்கள்.

கடைசி வாரத்தில்தான் எல்லோரும் ஒன்றுசேர்வார்கள். ஒத்திகை வரிசைப்படி நடக்காது. ட்ரம்பெட், டிம்பனி முரசு வேண்டிய பகுதிகளை ஒரே பொழுதில் முடித்து அவர்களை வீட்டுக்கு அனுப்புவார்கள்; உதடு எவ்வளவு தாங்கும் என்ற கணக்கும் உண்டு. தனிப்பாட்டுகளுக்கு நாலைந்து பேர் மட்டும் வருவார்கள். ஆர்கெஸ்ட்ராத் தலைவர் குறித்த வில் போக்கு எல்லா வயலின் தாளிலும் ஏற்கெனவே ஏறியிருக்கும். ஓபோக்காரர்கள் இரண்டு வாத்தியத்தை மடியில் வைத்திருப்பார்கள்: சாதாரண ஓபோ, அதைவிடத் தாழ்ந்த, மென்மையான ஓபோ டமோரே. கீரியேயில் பின்னது, குளோரியாவில் முன்னது.

முதல் ஒலியே ஒரு சோதனை. கீரியேக்கு முன்னிசை கிடையாது. முதல் தட்டிலேயே ஐந்து குரலும் முழு ஆர்கெஸ்ட்ராவும் ஒன்றாக விழ வேண்டும். பாடகர்களுக்கு யார் சுரம் கொடுப்பது? ஆர்கன் மெல்ல ஒரு சுரக்கூட்டு தரலாம், அது அந்த அதிர்ச்சியைக் கெடுக்கும். வாத்தியங்கள் சுருதி கூட்டும் 'ஏ'யைக் காதில் பிடித்துவைத்துக்கொண்டு அங்கிருந்து ஏறும்படி குழுவைப் பழக்குவதுதான் கெட்டிக்காரத்தனம். தொடக்கத்தின் அந்த நான்கு தாளச் சுற்று முடிந்ததும் வாத்தியங்கள் ஃபியூக்கின் மூல மெட்டை நீளமாக விரிக்கும், பிறகுதான் டெனர்கள் நுழைவார்கள். அதுவரை அடித்த இதயம் அடங்க நேரமிருக்கிறது.

ஒத்திகையில் அதிக நேரம் தின்பது எதுவென்று கேட்டால், ட்ரம்பெட் பகுதிகள் என்றுதான் வெளியார் நினைப்பார்கள். உள்ளே இருப்பவர்கள் 'கொன்ஃபிதெயோர்' முடியும் இடத்தைச் சொல்வார்கள். பழங்காலத் தேவாலய ராகம் ஒன்றைச் சுற்றி ஐந்து குரல் நெய்துகொண்டு வரும். துணைக்கு அடிநாதம் மட்டும். திடீரென்று அடாஜியோ, அதாவது மிக மெதுவாக. 'இறந்தோரின் உயிர்ப்பை எதிர்நோக்குகிறேன்' என்ற வரி வருகிறது, ஆனால் நம்பிக்கையின் சாயலே இல்லாமல். ஒவ்வொரு சுரக்கூட்டும் எதிர்பாராத இடத்துக்கு நழுவும். ஒரு குரல் பிடித்திருக்கும் சுரமே அடுத்த கணம் வேறு சுரமாகப் பொருள் மாறும். குரல்களை இரட்டித்துத் தாங்க வயலின் இல்லை, குழல் இல்லை. ஒருவர் அணுவளவு இறங்கினாலும் மொத்தக் குழுவும் இறங்கி, சில நொடியில் டி மேஜரில் ட்ரம்பெட் பாயும்போது குட்டு வெளிப்படும். பாக்கின் கையெழுத்தும் இந்த இடத்தில் அடித்தலும் திருத்தலுமாக இருக்கிறது. இங்கே வேகம் எவ்வளவு, எந்த இடத்திலிருந்து மெதுவாக்குவது, அதே வரி 'விவாச்சே எ அல்லேக்ரோ' (உற்சாகமாக, விரைவாக) என்று வெடிக்கும்போது இடையில் மூச்சுவிடலாமா என்பதற்கெல்லாம் கண்டக்டருக்கு கண்டக்டர் பதில் வேறு. ஒவ்வொரு சுரக்கூட்டாக நிறுத்தி, ஆர்கனை அணைத்துவிட்டு, மறுபடி மறுபடி பாடவைப்பதைத் தவிர வேறு வழி இருப்பதாகத் தெரியவில்லை.

முடிவுப் பகுதியான 'தோனா நோபிஸ் பாச்செம்' பற்றியும் ஒரு முடிவு மீதமிருக்கிறது. இது புதிய இசை அல்ல. குளோரியாவில் நன்றிப் பாடலாக வந்த 'கிராசியாஸ்' அப்படியே திரும்புகிறது. அதற்கும் மூலம் 1731-இல் லைப்ட்ஸிக் நகர மன்றத் தேர்தலுக்கு எழுதியது. அங்கே இரண்டு மெட்டுக்கு இரண்டு சொற்றொடர் இருந்தன; இங்கே மூன்றே சொல், அதனால் இரண்டாவது மெட்டில் சொற்களைப் புரட்டிப் போட்டுப் பாட வேண்டியிருக்கிறது. நேரமில்லாமல் பழையதை ஒட்டிவிட்டார் என்று குறை சொன்னவர்கள் உண்டு. இது வேண்டுமென்றே செய்தது, அமைதிக்கான வேண்டுதலை நன்றியின் மெட்டிலேயே முடிக்கிறார் என்று வாதிடுபவர்கள் அதைவிட அதிகம். இரண்டில் எதை நம்புகிறார் என்பதைப் பொறுத்துக் கண்டக்டர் வேகத்தை வைப்பார்: முன்பு வாசித்த அதே வேகத்தில், அல்லது கொஞ்சம் நிதானமாக. கிராசியாஸ் வேகத்திலேயே வைப்பவர்கள் சரியென்பது என் கட்சி. மெதுவாக்கினால் மூன்றாவது ட்ரம்பெட்டும் டிம்பனியும் சேருமிடத்தில் உச்சம் தானாக வராது, கண்டக்டர் கையால் இழுத்துத்தான் கொண்டுவர வேண்டியிருக்கும்.